நாலாவது தூண்

ஐந்து தெருக்கள் வந்து முட்டிக்கொள்கிற சந்திப்பு அது. நடுவில் ஒரு தாழ்ந்த கல்மேடை மேல் ஒரு இரும்புக் குடை நிற்கிறது. கையில் பிடிக்கிற குடை இல்லை. வட்டமாக எட்டு வார்ப்பிரும்புத் தூண்கள், தூணுக்குத் தூண் வளைவு, மேலே விலா எலும்பு மாதிரி விரிந்த சட்டங்கள், அதற்கும் மேலே தகரக் கூரை. நூறு வருடத்துக்கும் முன்னால், டிராம் வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் வெயிலிலும் மழையிலும் நிற்கவேண்டாமே என்று யாரோ புண்ணியவான் கட்டிவைத்தது. டிராம் போய்விட்டது. தண்டவாளத்தையும் தார் போட்டு மூடிவிட்டார்கள். குடை மட்டும் நின்றுவிட்டது.

அந்த வட்டாரத்தில் யாரும் தெருப் பெயர் சொல்லி வழி சொல்ல மாட்டார்கள். "குடைக்கு வந்துட்டு போன் பண்ணுங்க." "குடையிலேருந்து ரெண்டாவது தெரு, பச்சை கேட்டு." புதிதாகக் காதலிக்கிறவர்கள் அங்கேதான் சந்திப்பார்கள், முறித்துக்கொண்டு போகிறவர்களும் அங்கேதான் கடைசியாக ஒருமுறை முறைத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் அது ஒரு அடையாளம். ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் அதுதான் கண்.

அவள் ஃபிட்டரின் அக்கா.

ஃபிட்டர் நகராட்சி ஒர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறவர். ஊரில் எந்த இரும்பு கேட் தொங்கினாலும், எந்தப் பூங்கா ஊஞ்சல் கிறீச்சிட்டாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். குடையும் அவர் பொறுப்பு. வருடத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்து இறுக்கிவிட்டு இறங்குவார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் கையெல்லாம் துரு, முகமெல்லாம் சிரிப்பு.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இப்படிச் சிரிக்கல இந்த மனுஷன்" என்பாள் அவர் மனைவி. "பேசாம அந்தக் குடையையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க."

"கேட்டேன். அது ஒத்துக்கல" என்பார் அவர்.

அக்கா அவரைவிட நாலு வயது மூத்தவள். பதினோரு வயதில் ஒரு காய்ச்சல் வந்து பார்வையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடைக்கு அந்தப்பக்கத் தெருவில் ஒரு பெரிய சலவைக்கூடம் இருக்கிறது. நாலைந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்கும். அதில் மடிப்பறையில் முப்பத்தொரு வருடமாக அவள் வேலை. என்ன கை அது! சூடாக வந்து விழும் விரிப்பை இரண்டு பக்கமும் பிடித்து உதறும்போதே, எந்த மூலையில் நூல் விட்டிருக்கிறது, எங்கே கறை போகாமல் முரடாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பார்வை இருக்கிறவர்கள் மடித்து அடுக்கியதை அவள் மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவார்கள். "நம்ம கண்ணுல பட்டது பாதி, அக்கா கையில பட்டது மீதி" என்று மேற்பார்வையாளரே சொல்வாராம்.

அந்த வேலைக்கு அவள் தனியாகப் போவாள், தனியாக வருவாள். அதில் அவளுக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. தெருவுக்குள் சுவர் இருக்கிறது, கோலால் தட்டிக்கொண்டே போய்விடலாம். சந்திப்பில் சுவர் கிடையாது. பார்வை இல்லாதவர்களுக்கு வெட்டவெளி என்பது கடல் மாதிரி, எந்தப் பக்கம் கரை என்றே தெரியாது. அந்தக் கடலில் அவளுக்குக் கிடைத்த திட்டுதான் குடை. வீட்டுத் தெரு முனையிலிருந்து நேராகப் பதிமூன்று எட்டு வைத்தால் கோல் முதல் தூணில் 'ணங்' என்று மோதும். அங்கிருந்து தூண்களைத் தடவிக்கொண்டே சுற்றுவாள். நாலாவது தூணில் இடுப்புயரத்தில் பெயின்ட் வழிந்து கட்டியாகி, மூன்று சொட்டாக நிற்கும். அதுதான் அவள் தூண். அதன் அடிப்பீடம் சதுரம். அந்தச் சதுரத்தின் தட்டையான முகத்தில் முதுகை ஒட்ட வைத்து நின்று, கூப்பிட்டவர்களுக்குக்கூடத் திரும்பாமல், நேரே இருபத்திரண்டு எட்டு நடந்தால் சலவைத் தெருவின் நடைபாதை காலில் தட்டும். வலதுபக்கம் இரண்டு கை தூரத்தில் லாரிகள் திரும்பும். அவள் ஒரு நாளும் தடம் மாறியதில்லை.

போன வருடம் மழைக்காலம் முடிந்ததும் ஒரு சாமான் லாரி பின்பக்கமாகவே வந்து குடையை இடித்தது. ஒரு வளைவு இரண்டாக உடைந்து விழுந்தது, ஒரு தூணில் விரிசல். யாருக்கும் அடியில்லை. மறுநாளே யாரும் உள்ளே போகாதபடி சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்கள். பத்து நாளில் உத்தரவு வந்தது: குடையை முழுதாகக் கழற்றி, பழைய பெயின்ட்டெல்லாம் எடுத்து, உடைந்ததை வார்த்துச் சேர்த்து, புதிதாக நிறுத்த வேண்டும். நாற்பத்தைந்து நாள்.

"கழட்டுறது யாரு?" என்று கேட்டாள் அக்கா.

"வேற யாரு, நான்தான்" என்றார் ஃபிட்டர். குரலில் பெருமை இருந்தது. இருக்காதா?

"திரும்ப அதே மாதிரி வருமாடா?"

"அக்கா, அதுல இருக்கிற ஒவ்வொரு நட்டும் என் கைக்குச் சொந்தக்காரன். நாப்பத்தஞ்சாவது நாள் நீ தனியா நடந்து போறே. அதுவரைக்கும் நான் கொண்டுபோய் விடுறேன்."

"நாப்பத்தஞ்சு நாளா? என்னைக் கையில பிடிச்சிக்கிட்டு ஊர்கோலமா?"

"அண்ணி, அவரு உங்களைப் பிடிச்சுக்கல, நீங்கதான் அவரைப் பிடிச்சிக்கிட்டுப் போறீங்கன்னு நான் ஊரெல்லாம் சொல்லிடுறேன்" என்றாள் மனைவி. அக்கா சிரிக்கவில்லை.

கழற்றும் வேலைக்கு நகராட்சி ஒரு இன்ஜினியர் அம்மாவைப் போட்டிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் கவனமான பெண். முதல் நாளே சொன்னாள், "ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் குத்தின தகடு வரப்போகுது. கம்பியில கட்டித் தொங்கவிடணும். தகடு வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் பொறுங்க."

"ஒரு வாரம் போனா நாப்பத்தஞ்சு நாள் அம்பத்திரண்டு ஆயிடும் மேடம். நான் வெள்ளை பெயின்ட்ல நம்பர் எழுதிடுறேன். எங்க ஒர்க்‌ஷாப்ல எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"பெயின்ட்டை எடுக்கத்தானே அனுப்புறோம்? நம்பரும் போயிடுமே?"

ஃபிட்டர் சிரித்தார். சின்னப் பெண் கேட்கிறாள், சொல்லித்தரலாம் என்கிற சிரிப்பு. "வெளியில எழுத மாட்டேன் மேடம். ஃபேஸ்ல எழுதுவேன்."

இரண்டு இரும்புத் துண்டுகள் போல்ட் போட்டு ஒன்றோடொன்று ஒட்டி உட்காருகிற முகத்தைத்தான் ஃபிட்டர்கள் 'ஃபேஸ்' என்பார்கள். அந்த முகத்தைக் கண்ட கண்டவன் தொடமாட்டான். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் துண்டு சரியாக உட்காராது. கிரீஸ் தடவி, துணி சுற்றி, கல்யாண வீட்டுக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள். சுத்தம் செய்தாலும் ஃபிட்டர்தான் செய்ய வேண்டும், பெயின்ட்காரன் கை வைத்தால் அடிதடியே நடக்கும். இருபத்தெட்டு வருடத்தில் ஒருத்தனும் அவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபேஸைத் தொட்டதில்லை. அதனால் உலகத்தில் எங்கேயும் எவனும் தொடமாட்டான் என்று அவர் நம்பினார்.

"ஒரு படமாவது வரைஞ்சு வெச்சுக்கலாமே" என்றாள் இன்ஜினியர் அம்மா.

"படம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

அவள் அரை மனதாகத் தலையாட்டினாள். அவருக்கு அவசரம். காலையில் அக்கா அவர் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்கிற மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு நடக்கிறாளே, அது அவருக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் முன்னால் முடித்தால் ஒரு வாரம் அந்த முகத்தைப் பார்க்கவேண்டாம்.

ஆறே நாளில் கழற்றிவிட்டார். தூண், வளைவு, சட்டம் எல்லாவற்றுக்கும் ஃபேஸில் நம்பர் எழுதி, காய்ந்ததும் கிரீஸ் தடவி, துணி சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி லாரியில் ஏற்றினார். பெயின்ட் எடுக்கிற வேலை நகரத்துக்கு வெளியே ஒரு பட்டறைக்குப் போயிருந்தது. மணலைக் காற்றோடு பீய்ச்சி அடித்து எடுக்கிற பட்டறை.

பதினெட்டு நாள் கழித்து அவரும் ஒர்க்‌ஷாப் வெல்டரும் அங்கே போனார்கள். எட்டுத் தூண்களும் வரிசையாகப் படுத்திருந்தன. சாம்பல் நிறத்தில், பளபளவென்று, நேற்று வார்த்தது போல. ஃபிட்டர் ஒரு கணம் அசந்தே போய்விட்டார். இவ்வளவு நாளும் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருந்த இலைகளும் கொடிகளும் தூண் முழுக்கத் தெரிந்தன. குனிந்து முதல் தூணின் ஃபேஸைப் பார்த்தார்.

அதுவும் பளபளவென்றிருந்தது.

அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததை. வேகவேகமாக வளைவுகளிடம் போனார். துணியெல்லாம் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தது.

"இந்த ஃபேஸையெல்லாம் யாருய்யா அடிச்சது?"

பட்டறைக்காரர் வெற்று முகத்தோடு பார்த்தார். "நாங்கதான். ரொம்ப கிரீஸா இருந்துச்சுங்க. சுத்தமா எடுத்துக் குடுத்திருக்கோம். ஒரு இடம் விடல, நீங்களே பாருங்க."

நல்ல வேலை செய்த பெருமையோடு சொன்னார் அந்த மனுஷர். ஃபிட்டர் தூணின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே" என்றார் வெல்டர் மெதுவாக. "எட்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? எதை எங்க வெச்சா என்ன?"

"பார்க்கத்தான்டா ஒரே மாதிரி. அந்தக் காலத்துல ஓட்டையெல்லாம் கையால போட்டிருக்கான். ஒரு தூணோட ஓட்டை அதோட பக்கத்து வளைவுக்கு மட்டும்தான் சேரும். வேற எதுக்கும் சேராது."

எல்லாவற்றையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு தூணைத் தூக்கி நிறுத்த நாலு பேர். வளைவை வைத்துப் பார், சேரவில்லையா, இறக்கு, அடுத்தது. கழற்றுவதற்கு முன்னால் எடுத்த போட்டோக்களைப் பார்த்தால் எட்டும் ஒரே பச்சை. நெற்றியில் இருந்த படத்தைப் பார்த்தால், அதுவும் பச்சைப் படம்தான். அவருக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் எந்தத் தூணில் பெயின்ட் உரிந்திருக்கும், எதில் துரு கசியும் என்பதுதான். அதெல்லாம் இப்போது பட்டறை மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. ஒன்றரை மாதத்தில் மூன்று தூண்களுக்குத்தான் இடம் கிடைத்தது. மீதி ஐந்து அனாதையாகக் கிடந்தன.

நாற்பத்தைந்து நாள் தாண்டி, தொண்ணூறும் தாண்டியது. தினமும் காலையில் அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த வெற்று மேடையைக் கடந்து போனாள். எப்போது வரும் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

மனைவிதான் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, முப்பத்தொரு வருஷம் அந்தத் தூணையெல்லாம் தினம் ரெண்டு தடவை தடவினவங்க வீட்டுலேயே இருக்காங்க. நீங்க ஊரெல்லாம் ஆள் தேடுறீங்களே."

ஃபிட்டர் சாப்பிடுவதை நிறுத்தினார். அடுத்த அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நானும் அதைத்தான் ஒரு மாசமா நினைச்சிட்டிருக்கேன். கூப்பிடுவான்னு பாத்தேன், கூப்பிடல."

எத்தனை நாளைக்குப் பிறகு அந்தக் குரலில் பழைய திமிர்!

ஒரு சனிக்கிழமை பகலில் அவளை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனார். சொல்லிவைத்த மாதிரி எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். இன்ஜினியர் அம்மாவும் வந்திருந்தாள், கையில் நோட்டும் பேனாவும். வெல்டர் தன் துண்டால் தூணைத் தட்டித் துடைத்துவிட்டு, "உக்காருங்கக்கா" என்று ஒரு ஸ்டூலைப் போட்டார். "எங்க எல்லார் மானமும் உங்க கையிலதான்."

"மானம் இருந்தாத்தானேடா" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு கையை நீட்டி, படுத்துக் கிடந்த தூணில் வைத்தாள்.

வைத்த கை அப்படியே நின்றது. மெல்ல மேலே போனது, கீழே வந்தது. விரல்கள் ஒரு இலையின் விளிம்பைச் சுற்றின, கொடியோடு போயின, திரும்பி வந்தன. அவள் எழுந்து அடுத்த தூணுக்குப் போனாள். அதற்கடுத்ததற்கு. ஐந்தையும் இரண்டு சுற்றுத் தடவினாள். சலவைக்கூடத்தில் ஒரு விரிப்புக்கு மூன்று நொடி போதும் அவளுக்கு. இங்கே கால் மணி நேரம் ஆனது. 

"என்னக்கா?" என்றார் ஃபிட்டர்.

"இதெல்லாம் என்னடா, இலை மாதிரி இருக்கு?"

"தூண்ல இருக்கிற வேலைப்பாடுக்கா. எப்பவும் இருந்ததுதான். பெயின்ட்டுக்கு அடியில இருந்திருக்கு."

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இதுல ஒண்ணைக்கூடத் தெரியலடா. எனக்குத் தெரிஞ்சது வழிஞ்சு நின்ன பெயின்ட்டுதான். கட்டி, சொட்டு, கொப்புளம். இந்த இரும்பை நான் ஒரு நாளும் தொட்டதே இல்ல போல."

 இன்ஜினியர் அம்மா நோட்டை மூடினாள். அந்த மூடுகிற சத்தத்துக்கு அக்கா முகத்தைத் திருப்பி, "மன்னிச்சுக்கம்மா" என்றாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஃபிட்டருக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கம்தான். மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். சேராத ஓட்டைகளை டிரில் போட்டுப் பெரிதாக்கி, எப்படியாவது நிறுத்து என்று முடிவானது. நூறு வருடத்து இரும்பில் டிரில் வைக்க வேறு யாருக்கும் மனம் வரவில்லை. ஃபிட்டரே வைத்தார். வார்ப்பிரும்பு துருவலாக வராது, பொடியாகக் கொட்டும். கறுப்புப் பொடி அவர் செருப்பெல்லாம் கொட்டியது. ஓட்டை பெரிதானதும் தூண்கள் உட்கார்ந்தன, ஆனால் அவரவர் பழைய இடத்தில் இல்லை. எது யாருடைய இடத்தில் நிற்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நாலாவது இடத்தில் நின்ற தூண், பெரிதாக்கின ஓட்டையில் அடிப்பீடத்தோடு சேர்ந்து இரண்டு விரல் அகலம் திரும்பித்தான் உட்கார்ந்தது. நேராக்கினால் மேலே வளைவு சேரவில்லை. வளைவைச் சேர்த்தால் கீழே திரும்பியது. அவர் பார்த்தார். ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் வளைவைச் சேர்த்துவிட்டு நட்டை இறுக்கினார்.

இரண்டு விரல்தானே. பார்க்கிறவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

தெரியவில்லைதான். திறப்பு நாளில் ஜனம் கூடியது. புது அடர்பச்சையில், இலையும் கொடியுமாக, குடை அப்படி ஒரு அழகாக நின்றது. எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். யாரோ ஃபிட்டரின் கையைக் குலுக்கி, "அச்சு அசல் அப்படியே கொண்டுவந்துட்டீங்க சார்" என்றார். அவர் தலையை ஆட்டினார்.

அன்று வீட்டில் அக்கா கேட்டாள். "எல்லாம் சரியா சேர்ந்துடுச்சா?"

"ம்."

"அந்த அஞ்சு தூணும்? எப்படிக் கண்டுபிடிச்சே?"

ஒரு கணம்தான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐந்து மாதமாகத் தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தவளின் முகம் இப்போது மலர்ந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது? "ஒண்ணொண்ணா வெச்சுப் பாத்தோம்க்கா. கடைசியில சேர்ந்துடுச்சு. எல்லாம் அது அது இடத்துல நிக்குது. நீ எண்ணிக்கிட்டுப் போ, நாலாவது தூண். அங்கேருந்து நேரே."

"சொட்டு இல்லேன்னா என்ன, எண்ணத் தெரியாதா எனக்கு" என்றாள் அக்கா. மறுநாள் காலையில் அவர் கிளம்புவதற்கு முன்பே தலை வாரி, கோலை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நீ வராதே. தெரு முனைவரைக்கும்கூட வராதே."

ஃபிட்டர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இருபது அடி பின்னால் போனார். மனைவி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பதிமூன்று எட்டு வைத்தாள். கோல் முதல் தூணில் மோதியது. அவள் தோள் ஒரு நிம்மதியோடு இறங்கியதை அவர் பின்னாலிருந்தே பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தூணில் நின்று, அடிப்பீடத்தைத் தடவி, தட்டையான முகத்தைக் கண்டுபிடித்து, திரும்பி, முதுகை ஒட்ட வைத்துக்கொண்டாள். பிறகு, கொஞ்சமும் தயங்காமல், முப்பத்தொரு வருடம் நடந்த நடையில், இறங்கி நடந்தாள்.

அவள் வலதுபக்கம் விலகிப் போகிறாள் என்று ஐந்தாவது எட்டிலேயே ஃபிட்டருக்குத் தெரிந்துவிட்டது. பத்தாவது எட்டில் அவள் லாரித் தடத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். ஒரு தண்ணீர் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அவள் காதில் அந்த இரைச்சல் விழத்தான் செய்திருக்கும். ஆனால் அது எப்போதும் வலதுபக்கம் இரண்டு கை தள்ளிக் கேட்கிற இரைச்சல்தானே? அவளுக்குத் தூணின் மேல் நம்பிக்கை, தம்பியின் சொல்லின் மேல் நம்பிக்கை. நிற்கவில்லை.

"அக்கா! நில்லு! நில்லுக்கா!"

லாரி கிறீச்சிட்டு நின்றது. அதன் முன்பக்கக் கம்பிக்கும் அவள் தோளுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. டிரைவர் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி கத்தினார். பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அக்கா நடுரோட்டில் நின்று, இடது கையை முன்னால் நீட்டி, காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.  

ஃபிட்டர் ஓடிப்போய்ப் பிடித்து, குடைக்குத் திருப்பிக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்.  அவள் மூச்சு அடங்கியதும் எழுந்து நாலாவது தூணைத் தேடிப்போய், அடிப்பீடத்தின் இரண்டு மூலைகளையும், பிறகு மேடைக்கல்லின் விளிம்பையும் மாறி மாறித் தடவினாள்.

"திரும்பி நிக்குது" என்றாள்.

"ஆமாக்கா."

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"ஓட்டை போட்டுத்தான் சேத்திருக்கே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது அவளுக்குத் தெரியாது என்று உறைத்ததும், "ஆமா" என்றார். 

"நம்பர் அழிஞ்சது உன் தப்பு இல்லடா. எனக்கு இரும்பு தெரியாமப் போனதும் உன் தப்பு இல்ல. ஆனா ரெண்டு விரல் திரும்பியிருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ரெண்டு விரல் திருப்பி நின்னிருப்பேனே."

எவ்வளவு எளிது! அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு வார்த்தை.

"மறுபடி கத்துக்கலாம்க்கா. நான் பின்னாடியே வர்றேன். ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆகட்டும். புதுசாக் கணக்குப் போட்டு..."

"முதல்ல கத்துக்கிட்டப்போ எனக்கு இருபத்தொன்பது வயசு. லாரி எவ்வளவு கிட்ட வரும்னு எனக்கு அப்பத் தெரியாது." தூணிலிருந்து கையை எடுத்தாள். "இப்பத் தெரிஞ்சுபோச்சு."

இருந்தாலும் அவள் அத்தனை சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. அவரை வேலைக்குப் போகச் சொன்னாள். தானே போய்க்கொள்கிறேன் என்றாள். அவர் போகிற மாதிரி நாலு எட்டு வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கடை ஓரத்தில் நின்றுகொண்டார். அக்கா தூணில் முதுகை வைத்தாள். கொஞ்சம் இடதுபக்கம் திரும்பி நின்றாள். ஒரு காலைத் தார்ரோட்டில் வைத்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் போனது, காலை மேடைக்கு எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். மறுபடி எடுத்தாள். வழியில் போன ஒரு பெண், "ரோடு தாண்டணுமாம்மா?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஒருத்தருக்காக நிக்கிறேன்" என்றாள் அக்கா. அப்படி முக்கால் மணி நேரம் நின்றாள். எத்தனை தடவை அந்தக் கால் இறங்கி ஏறியது என்று ஃபிட்டர் எண்ணவில்லை. எண்ணுகிற தைரியம் அவருக்கு இல்லை.

கடைசியில் அவர் ரோட்டைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்றார்.  அவள் முகத்தைத் திருப்பாமலேயே கேட்டாள்.

"நீ போகவே இல்லதானே?"

"இல்லக்கா."

"சரி. கூட்டிட்டுப் போ."

அவர் சட்டையை முன்னால் நீட்டினார். அவள் அதை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், விரல் பதிகிற மாதிரி அழுத்தி. இருவரும் இறங்கி நடந்தார்கள். நடைபாதை காலில் தட்டியபோதும் அவள் பிடியை விடவில்லை. சலவைக்கூடத்துப் படியேறி, மடிப்பறை வாசலில் மேற்பார்வையாளர் வந்து "என்னக்கா, இவ்வளவு நேரம்?" என்று கேட்ட பிறகுதான் விட்டாள்.

"குடை புதுசுல்ல" என்றாள் அக்கா. "பாத்துட்டு நின்னுட்டேன்."

உள்ளே போய்விட்டாள். ஃபிட்டர் வெளியே வந்து, சுவர் ஓரமாக, குடைப் பக்கம் திரும்பாமல் நடந்தார். அடுத்த வாரம் அவர் தன் ஷிப்டை மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்தார், காலையில் ஒரு மணி நேரம் தள்ளி. காரணம் என்கிற இடத்தில் 'குடும்பம்' என்று எழுதியிருந்தார்.